காக்கி கறைபட்டால்...

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்பது நம் முன்னோர் வாக்கு. கசக்கச் சொன்ன முன்னோர் எப்படிக் கசக்குவது என்று சொல்லாமல் போய்விட்டனர். பருத்தியைக் கசக்குவது ஒரு விதம், கம்பளியைக் கசக்குவது வேறு விதம். இந்த உண்மையை ஒரு காக்கிச் சட்டையைப் பலி கொடுத்தபின்தான் நான் தெரிந்துகொண்டேன். அந்தக் கதையைச் சொல்லி, முகாமும் பயிற்சியும் முடிந்து வீடு திரும்பும் தேசிய மாணவர் படை நண்பர்கள் தம் உடையையும் உடைமைகளையும் பேண வேண்டிய முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தேசிய மாணவர் படை 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொடங்கப்பட்டது என்பதும், 'ஒற்றுமையும் ஒழுக்கமும்' அதன் குறிக்கோள் என்பதும் யாவரும் அறிந்தவையே. அணிவகுப்புத் திடலில் கால்கள் ஒன்றாக எழுவதை ஒழுக்கம் என்கிறோம். திடலைவிட்டு வந்தபின் பூட்ஸைக் கழற்றி எங்கே வைக்கிறோம் என்பதிலும் அந்த ஒழுக்கம் இருக்கிறது.

நடந்தது என்ன?

சென்ற ஆண்டு கோவை அருகே பத்து நாள் முகாமுக்குச் சென்றிருந்தேன். அங்கே தவழ்ந்து செல்லும் பயிற்சி உண்டு. வயிற்றைத் தரையில் ஒட்டி, முழங்கைகளை ஊன்றி, செம்மண்ணில் ஊர்ந்து போக வேண்டும். திரும்பி வந்தபோது சட்டையின் இரு முழங்கைகளும் மார்புப் பகுதியும் செங்கல் நிறமாகியிருந்தன. லாரியில் ஏறும்போது பட்ட கிரீஸ் ஒரு பக்கம். இவை போதாதென்று ஈரச் சட்டையைச் சுருட்டிப் பையில் திணித்து, பேருந்தேறி, குண்டடத்தில் வந்து இறங்கி, மறுநாள் மாலைதான் பையைத் திறந்தேன்.

என் தாயார் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை செய்கிறார். விடிவதற்குள் கம்பெனி வேன் வந்துவிடும். இருட்டியபின்தான் வீடு திரும்புவார். அவரிடம் இந்தச் சட்டையைக் காட்டத் தயங்கினேன். நானே துவைத்துவிடலாம் என்று நினைத்தது நல்ல எண்ணந்தான். வேதியியல் படிக்கும் மாணவன் என்ற செருக்கு அந்த எண்ணத்தோடு சேர்ந்ததுதான் கெட்டது. தண்ணீர்த் தொட்டிக்கென்று வீட்டில் வைத்திருந்த பிளீச்சிங் பவுடரில் ஒரு கைப்பிடி அள்ளி வாளியில் கரைத்து, சட்டையை அதில் அமுக்கி வைத்துவிட்டு உறங்கப் போனேன்.

காலையில் எடுத்துப் பார்த்தால் செம்மண் கறை இருந்த இடத்திலேயே இருக்கிறது, காக்கிதான் போய்விட்டது! தோளிலும் முதுகிலும் மஞ்சளும் வெள்ளையுமாகத் திட்டுகள் படர்ந்திருந்தன. பிழிந்தபோது காலரின் ஓரம் நைந்து கிழிந்தது. சில நாட்களில் குடியரசு தின அணிவகுப்பு. வேறு சட்டை கிடையாது. அன்று நான் அணியில் நிற்கவில்லை. பார்வையாளர் வரிசையில் நின்றேன்.

அம்மா கோபிக்கவில்லை. சட்டையை வெளிச்சத்தில் விரித்து, கம்பெனியில் பீஸ் பார்ப்பதுபோல முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, முக்கோணத்துல பெருக்கல் போட்டிருந்துச்சான்னு பாத்தியா?" என்று கேட்டார்.

அவர் கேட்டது எனக்குப் புரியவில்லை. ஏற்றுமதிக்குப் போகும் ஒவ்வொரு பனியனிலும் பக்கத் தையலுக்குள் ஒரு சிறு நாடா இருக்கும். அதில் சில படங்கள் அச்சாகியிருக்கும். அந்த நாடா இல்லாவிட்டாலோ மாறியிருந்தாலோ பீஸை ஒதுக்க வேண்டும் என்பது அவர் வேலைகளில் ஒன்று. அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு. நாடாவிலுள்ள ஆங்கில எழுத்துகள் அவருக்குத் தெரியா. படங்கள் அத்தனையும் தெரியும். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எனக்கு அந்தப் படங்களில் ஒன்றுகூடத் தெரியவில்லை.

புதுச் சட்டைத் துணிக்கும் தையற்கூலிக்குமாக அம்மா அந்த வாரம் மூன்று நாள் ஒன்றரை ஷிப்ட் பார்த்தார். அந்த மூன்று இரவுகளுந்தான் என்னை இந்தப் பொருளைப் படிக்க வைத்தன.

ஐந்து படங்கள்

அந்த நாடாவில் உள்ளவை ஐந்து அடிப்படைக் குறிகள். 1963இல் பாரிசில் அமைந்த ஜினெடெக்ஸ் என்ற பன்னாட்டுச் சங்கம் இவற்றைப் பேணி வருகிறது; ஐ.எஸ்.ஓ. 3758 என்ற பன்னாட்டுத் தர அளவும் இவற்றுக்கு உண்டு. தண்ணீர்த் தொட்டியின் படம் துவைத்தலைக் குறிக்கும். அதற்குள் உள்ள எண் தண்ணீர் எத்தனை டிகிரி செல்சியஸ் சூடு வரை இருக்கலாம் என்பதைச் சொல்லும். முக்கோணம் வெளுப்பானைக் குறிக்கும். சதுரம் உலர்த்துதலைக் குறிக்கும். இஸ்திரிப் பெட்டியின் படத்தில் உள்ள புள்ளிகள் சூட்டைக் குறிக்கும். ஒரு புள்ளி குறைந்த சூடு, மூன்று புள்ளிகள் மிகுந்த சூடு. வட்டம் சலவை நிலையத்தில் செய்யும் உலர்சலவையைக் குறிக்கும். எந்தப் படத்தின்மேல் பெருக்கல் குறி இருக்கிறதோ அந்தச் செயல் கூடாது என்று பொருள்.

கடையில் வாங்கும் பனியனுக்கு இந்த நாடா உண்டு. துணி வாங்கித் தையற்காரரிடம் கொடுத்துத் தைத்த சீருடைக்கு இல்லை. ஆகவே அதை நாமே எழுதிக்கொள்ள வேண்டும். எழுதுவதற்கு முன் துணியையும் அழுக்கையும் பற்றிச் சிறிது அறிய வேண்டும்.

காக்கியும் கறையும்

'காக்' என்ற பாரசீகச் சொல்லுக்கு மண், புழுதி என்று பொருள். 1846இல் பெஷாவரில் அமைக்கப்பட்ட கைட்ஸ் படையினர் புழுதி நிறத்தில் சாயமிட்ட உடையை அணியத் தொடங்கினர் என்பது வரலாறு. நம் பக்கத்து மங்களூரில் பாசெல் மிஷன் நெசவாலை காக்கித் துணிக்குப் பெயர் பெற்றிருந்தது. மண்ணில் படுத்தாலும் மண் தெரியக் கூடாது என்பதற்காகவே பிறந்த நிறம் இது. ஆயினும் நம் ஊர்ச் செம்மண்ணுக்கு அது தோற்றுவிடுகிறது.

செம்மண்ணின் சிவப்பு இரும்பு ஆக்சைடினால் வருவது. அதாவது, ஏற்கெனவே ஆக்சிஜனேற்றம் அடைந்து முடிந்த இரும்பு. பிளீச்சிங் பவுடர் கறையைப் போக்குவதும் ஆக்சிஜனேற்றத்தினாலேதான். ஆக்சிஜனேற்றம் முடிந்த பொருளை அது மேலும் என்ன செய்ய முடியும்? மண்ணை விட்டுவிட்டுச் சாயத்தைத் தாக்கியது. சாய மூலக்கூற்றில் நிறத்தைத் தரும் பகுதி சிதைந்ததால் துணி வெளுத்தது. இரவு முழுவதும் ஊறியதால் பருத்தியின் செல்லுலோசும் சிதைந்து இழை வலுவிழந்தது. காலர் கிழிந்த காரணம் இதுவே. ஒவ்வொரு வினையும் வகுப்பில் படித்ததுதான். வாளிக்கு முன் நின்றபோது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

சரியான முறை எளிது. மண் ஈரமாக இருக்கும்போது தேய்க்கக் கூடாது. தேய்த்தால் நுண்துகள்கள் இழைகளுக்குள் புகும். நன்றாகக் காயவிட்டு, உதறி, பழைய பல்துலக்கியால் துணியின் போக்கிலேயே துடைத்து எடுக்க வேண்டும். பாதி மண் தண்ணீர் காணாமலே போய்விடும். பின்னர் சோப்பு நீரில் ஊறவைத்துக் கசக்கலாம். அதன் பிறகும் சிவப்பு நின்றால் எலுமிச்சைச் சாறு உதவும். அதிலுள்ள சிட்ரிக் அமிலம் இரும்போடு சேர்ந்து நீரில் கரையும் பொருளாகி வெளியேறும். முதலில் சட்டையின் உள்மடிப்பில் ஒரு சொட்டு விட்டு, நிறம் மாறவில்லை என்று கண்டபின் கறையில் தடவிச் சிறிது நேரத்தில் அலசிவிட வேண்டும். ஆக்சாலிக் அமிலம் இன்னும் விரைவாக வேலை செய்யும். ஆனால் அது நஞ்சு, வீட்டில் வைக்கத் தக்கதன்று.

இங்கே ஓர் எச்சரிக்கை. பிளீச்சிங் பவுடரோடு எலுமிச்சையோ வேறு எந்த அமிலமோ சேரக் கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். அது நுரையீரலைப் புண்ணாக்கும்.

கிரீஸ் கறைக்குச் சாக்பீஸ் தூளைத் தூவி ஓர் இரவு வைத்தால் எண்ணெயை அது உறிஞ்சிக்கொள்ளும். தூளைத் தட்டிவிட்டு, பாத்திரம் துலக்கும் திரவ சோப்பைத் தடவி, கறைக்கு அடியில் பழந்துணி ஒன்றை வைத்துப் பின்புறமிருந்து தட்ட வேண்டும். கறை அடியிலுள்ள துணிக்கு இறங்கும். முன்புறமிருந்து தேய்த்தால் கறை அகலமாவது ஒன்றே பலன். இந்த நுணுக்கம் அம்மா கம்பெனியில் கற்றது.

வியர்வை

வெயிலில் கடுமையாக உழைக்கும் ஒருவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரை வியர்வை வெளியேறக் கூடும். அதில் ஏறத்தாழ 99 விழுக்காடு தண்ணீர். மீதி சோடியம் குளோரைடு, யூரியா, லாக்டிக் அமிலம் முதலியன. புது வியர்வைக்கு மணம் அநேகமாக இல்லை. தோலில் வாழும் பாக்டீரியாக்கள் வியர்வையையும் எண்ணெய்ப் பசையையும் சிதைக்கும்போதுதான் நாற்றம் பிறக்கிறது. அவற்றுக்கு ஈரமும் வெப்பமும் நேரமும் வேண்டும். ஈரச் சட்டையைச் சுருட்டிப் பையில் வைத்த நான் மூன்றையும் தாராளமாகக் கொடுத்தேன். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் பூஞ்சணம் பிடித்துக் கரும்புள்ளிகள் விழுந்திருக்கும். அவை பருத்தியை விட்டு எளிதில் போகா.

எனவே முதல் விதி: வீடு வந்தவுடன் துவைக்க முடியாவிட்டாலும் உதறிக் கொடியில் போட வேண்டும். துவைக்கும்போது முதல் அலசல் சோப்பில்லாத வெறுந் தண்ணீரில் இருக்கட்டும். உப்பு அதிலேயே கரைந்துவிடும். முதுகில் வெள்ளைக் கோடுகளாகத் தெரிவது அந்த உப்புத்தான். டெரிகாட்டன் துணியில் உள்ள பாலியெஸ்டர் இழை தண்ணீரை ஏற்காது. எண்ணெய்ப் பசையை விடாமல் பிடித்துக்கொள்ளும். பருத்தியைவிட அதில் நாற்றம் நிலைப்பது இதனால்தான். அத்தகைய சட்டையை உட்புறம் வெளியே வரும்படி திருப்பிப்போட்டு, அக்குளிலும் காலரிலும் சோப்புப் பூசிக் கால்மணி நேரம் ஊறவிடுவது நல்லது.

நம் ஊர்த் தண்ணீர்

வெளியூர் நண்பர்கள் சொல்லும் சலவை முறைகள் குண்டடத்தில் பலிப்பதில்லை. காரணம் தண்ணீர். ஆழ்குழாய்க் கிணற்று நீரில் சோப்பு நுரைக்காது. வாளியின் ஓரத்தில் தயிர்போல வெள்ளைப் படிவு மிதக்கும். நீரிலுள்ள கால்சியம், மக்னீசியம் அயனிகள் சோப்போடு சேர்ந்து கரையாத பொருளாவதே அந்தப் படிவு. அது துணியில் படிந்து காக்கியைச் சாம்பல் நிறமாக்குகிறது. துணி மொரமொரவென்று விறைக்கிறது. மூன்று முறை சோப்புப் போட்டும் அழுக்குப் போகவில்லை என்று தாய்மார் அலுத்துக்கொள்வது அவர்கள் கையின் குற்றமன்று, கால்சியத்தின் குற்றம்.

நம் ஆய்வகத்தில் ஈ.டி.டி.ஏ. கரைசலைக் கொண்டு நீரின் கடினத்தன்மையைக் கண்டறியும் சோதனை உண்டு. ஒயின் சிவப்பு நீலமாக மாறும் அந்தக் கணம் எல்லோருக்கும் பிடிக்கும். ஒரு நாள் எங்கள் வீட்டு ஆழ்குழாய் நீரைப் புட்டியில் கொண்டுவந்து, கல்லூரிக் குடிநீரோடு ஒப்பிட்டுச் சோதித்தேன். நிறம் மாறுவதற்கு எங்கள் வீட்டு நீர் ஏறத்தாழ மூன்று மடங்கு கரைசலைக் குடித்தது.

இதற்கு மருந்து சலவைச் சோடா, அதாவது சோடியம் கார்பனேட். ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி கரைத்துக் கால்மணி நேரம் விட்டால் கால்சியம் கார்பனேட்டாக மாறி அடியில் படியும். மேலே தெளிந்த நீரை இறுத்து அதில் சோப்புப் போட்டால் நுரை பொங்கும். சோப்புத் தூள்கள் கடின நீரைச் சற்றுத் தாங்கும். ஆனால் அவற்றுக்கும் இந்த நீரில் பாதி அளவே போதும். மழைநீர் சேமிக்கும் வீட்டில் சீருடைக்கென்று இரண்டு குடம் ஒதுக்கினால் இந்தத் தொல்லையே இல்லை.

சோப்பை மிகுதியாகப் போட்டால் அழுக்கு மிகுதியாகப் போகும் என்று எண்ண வேண்டாம். அலசாத சோப்பு துணியில் தங்கிப் புழுதியை ஈர்க்கும். அன்றியும் நாம் கொட்டும் நீர் எங்கோ போய்ச் சேர வேண்டும். நொய்யலுக்கு நேர்ந்ததை நம் மாவட்டத்தார்க்குச் சொல்ல வேண்டியதில்லை. சாயக் கழிவு காரணமாக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. ஒரு வாளி நீர் பெரிதன்று. வாளிகள் பல என்பதை மறக்கக் கூடாது.

காற்றும் வெயிலும்

தண்ணீரில் நமக்குக் குறை வைத்த இயற்கை காற்றில் வாரி வழங்கியிருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் தென்மேற்குக் காற்றுக்காகவே நம் பகுதியில் காற்றாலைகள் நிற்கின்றன. ஆடிக் காற்றில் அரைமணி நேரத்தில் சட்டை காய்ந்துவிடும். கிளிப் போடாவிட்டால் அடுத்த தோட்டத்து வேலியில் போய்த் தேட வேண்டும். அந்தக் காற்றில் புழுதியும் வருவதால், காய்ந்தவுடன் எடுத்து உதற வேண்டும். வெயில் கிருமிகளை ஒடுக்கும். சாயத்தையும் மங்கச் செய்யும். உட்புறத்தை வெளியே திருப்பிக் காயவைத்தால் நன்மை மட்டும் கிடைக்கும்.

தொப்பி, பூட்ஸ், பித்தளை

பெரட் தொப்பி கம்பளியால் ஆனது. கம்பளி இழையின்மேல் மீன் செதில் போன்ற அடுக்குகள் உள்ளன. வெந்நீரில் போட்டுக் கசக்கினால் அவை ஒன்றோடொன்று கொக்கிபோல் மாட்டிக்கொள்ள, தொப்பி சுருங்கிக் குழந்தைக்குப் போடும் அளவாகிவிடும். சலவைச் சோடாவும் கம்பளிக்கு ஆகாது. வில்லையையும் குஞ்சத்தையும் கழற்றிவிட்டு, குளிர்ந்த நீரில் சிறிது ஷாம்பூ கலந்து மெல்ல அமுக்கி எடுக்க வேண்டும். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுற்றி அழுத்தி, சற்று ஈரம் இருக்கும்போதே தலையில் வைத்து வடிவம் கொடுத்து நிழலில் உலர்த்த வேண்டும்.

பூட்ஸ் நனைந்தால் அடுப்போரம் வைப்பவர் பலர். தோலின் புரதம் கடுஞ்சூட்டில் இறுகி வெடிக்கும். கயிற்றையும் உள்ளட்டையையும் கழற்றி, மண்ணைத் துடைத்து, பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து நிழலில் வைக்க வேண்டும். தாள் ஈரமானதும் மாற்ற வேண்டும். முழுதும் உலர்ந்த பிறகே பாலிஷ். ஈரத்தின்மேல் மெழுகு பூசினால் ஈரம் உள்ளே சிறைப்படும். ஈரப் பூட்ஸையே நாள்தோறும் மாட்டினால் விரலிடுக்கில் பூஞ்சைத் தொற்று வரும். காலுறையை மட்டும் எந்த நிலையிலும் அன்றன்றே துவைத்துவிட வேண்டும்.

பித்தளை வில்லைக்கும் பக்கிளுக்கும் நம் வீட்டு முறை புளி. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் செம்பின் மேற்படிவைக் கரைத்துப் பளபளப்பாக்கும். ஆனால் புளி ஒட்டியிருந்தால் பச்சை பூக்கும். நன்கு கழுவி உடனே துடைக்க வேண்டும். பிராஸோ போட்டுத் தேய்ப்பவர்கள் பக்கிளைப் பெல்ட்டிலிருந்து கழற்றிவிட்டுத் தேய்த்தால் துணியில் கறுப்புக் கறை விழாது.

அலுமினியத்தாலான சாப்பாட்டுத் தட்டையும் தண்ணீர்ப் புட்டியையும் சோடாவாலும் புளியாலும் துலக்கலாகாது. காரமும் அமிலமும் அலுமினியத்தை அரிக்கும். சாதாரணச் சோப்பும் தேங்காய் நாருமே போதும். தண்ணீர்ப் புட்டியை மூடாமல் கவிழ்த்து உலர்த்த வேண்டும்.

துப்பாக்கி

குறி பார்த்துச் சுடும் பயிற்சிக்கு நமக்குத் தரப்படுவது .22 துப்பாக்கி. குழலின் உள்விட்டம் ஏறத்தாழ 5.6 மில்லிமீட்டர். பயிற்சி முடிந்ததும் பயிற்றுநர் முன்னிலையில் அதைத் துடைத்து ஒப்படைக்க வேண்டும். முதல் வேலை, உள்ளே தோட்டா இல்லை என்று உறுதி செய்வது. அடுத்து, ஒரு முனையில் எடைக்கட்டி உள்ள புல்-த்ரூ என்னும் கயிற்றில் 'சிந்தி' எனப்படும் துணித்துண்டைக் கோத்து, குண்டு நுழையும் பக்கமிருந்து வாய்ப் பக்கமாக ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். கயிறு குழலின் ஓரத்தில் உராயக் கூடாது. துடைப்பதற்கு 4 அங்குலத்துக்கு 2 அங்குலமும், எண்ணெய் பூசுவதற்கு 4 அங்குலத்துக்கு ஒன்றரை அங்குலமும் துணி வேண்டும்.

துணி என்றதும், நம் ஊரில் இல்லாத துணியா என்று அம்மாவின் கம்பெனியிலிருந்து ஒரு பை பனியன் வேஸ்ட் வாங்கிக்கொண்டு பெருமையோடு போனேன். பயிற்றுநர் ஹவில்தார் ஒரு துண்டை இருபுறமும் இழுத்துப் பார்த்துச் சிரித்தார். பின்னல் துணி நீளும். குழலுக்குள் சுருண்டு சிக்கும். நெய்த பிளானல் துணி அப்படி நீளாது என்றார். ஆனால் துப்பாக்கியின் வெளிப்பகுதியையும் பக்கிளையும் துடைக்க இதைப்போல் மெத்தென்ற, எண்ணெயை உறிஞ்சும் துணி வேறில்லை என்று அந்தப் பையை வாங்கி வைத்துக்கொண்டார். எனக்கு அது போதும்.

முற்காலத் தோட்டாக்களின் தீமூட்டு மருந்து சுட்டபின் உப்பை விட்டுச்செல்லும். அந்த உப்பு ஈரத்தை உறிஞ்சிக் குழலைத் துருவாக்கும். அதனால் அக்காலச் சிப்பாய்கள் குழலில் கொதிநீர் ஊற்றிக் கழுவினர். இன்றைய மருந்தில் அத்தொல்லை குறைவு, ஆனால்.22 குண்டு ஈயத்தால் ஆனது. சுட்டபின் கையிலும் சட்டைக் கையிலும் ஈயத்துகள் படியும். சாப்பிடுமுன் கையைச் சோப்பால் கழுவுவதும், அந்தச் சட்டையை வீட்டுக் குழந்தைகளின் துணியோடு சேர்க்காமல் தனியே துவைப்பதும் கட்டாயம். ஈயம் குழந்தைகளின் மூளையைத் தாக்கும் நஞ்சு.

ஜப்பானில் 1970-களில் ஏர்சாஃப்ட் என்றொரு விளையாட்டுத் தோன்றி இன்று பல நாடுகளில் பரவியிருக்கிறது. பெரும்பாலும் 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் உருண்டைகளைச் சுடும் போலித் துப்பாக்கிகளோடு, போர்வீரர்போல் உடையணிந்து காட்டில் ஓடியாடுவர். அவர்களுக்கு ஈயத்தின் அச்சம் இல்லை. ஆனால் ஆட்டம் முடிந்தபின் சேற்றுப் பூட்ஸும் நாறும் உடையும் அவர்களுக்கும் உண்டு. குண்டு பிளாஸ்டிக் ஆனாலும் வியர்வை வியர்வைதானே!

எடுத்து வைத்தல்

அணிவகுப்புக்கு முன் கஞ்சி போட்டு இஸ்திரி செய்வது பருத்திச் சீருடைக்கு அழகு. விடுமுறைக்குப் பெட்டியில் வைக்கும்போது கஞ்சியை அலசி எடுத்துவிட வேண்டும். மாவுப்பொருள் வெள்ளிப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் விருந்து. டெரிகாட்டனுக்குக் கஞ்சி தேவையில்லை. அதன்மேல் பருத்தித் துணி ஒன்றை விரித்து மிதமான சூட்டில் தேய்த்தால் பளபளப்புத் தட்டாது.

முடிவுரை

புதுச் சட்டை தைத்து வந்த அன்று, அம்மா வெள்ளை நாடாத் துண்டு ஒன்றை அதன் பக்கத் தையலுக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்தார். அழியாத மையால் அதில் ஐந்து படங்களையும் நான் வரைந்தேன். தொட்டிக்குள் 40 என்று எழுதினேன். இஸ்திரிப் பெட்டிக்குள் இரண்டு புள்ளிகள் வைத்தேன். முக்கோணத்தின்மேல் பெருக்கல் குறியை மட்டும் அம்மா பேனாவை வாங்கித் தம் கையால் போட்டார்.

அந்தச் சட்டையோடு இந்த ஆண்டு குடியரசு தினத்தில் அணியில் நின்றேன். அன்று மாலை அதை நானே துவைத்தேன். படைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கையரே, உங்கள் சீருடைக்கும் ஒரு நாடா தைத்துக்கொள்ளுங்கள். அதில் எழுதியபடி நீங்களே துவையுங்கள். பகலெல்லாம் பிறர் துணியைப் பார்த்துக் களைத்து வரும் அன்னையர் இரவில் நம் துணியையுமா பார்க்க வேண்டும்?